பதினொன்றா, பன்னிரண்டா?

என் மாமியாரிடம் நான் முதன்முதலில் பேசிய வாக்கியம், “உங்கள் பெட்டிகள் மொத்தம் எத்தனை?” என்பது. மற்ற பெண்கள் வருங்கால மாமியாரைப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, காபித் தட்டோடு, குனிந்த தலையாகப் பார்ப்பார்கள். நான் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டோடு, கையில் படிவங்களும் வாயில் பேனா மூடியுமாக, ஆடிக்கொண்டிருந்த சின்னப் படகிலிருந்து அவரை அண்ணாந்து பார்த்தேன். மூன்றடுக்கு வெள்ளைப் படகின் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். ஐந்தடிக்கும் குறைந்த உருவம், வெயிலுக்கு ஒரு பெரிய தொப்பி. என்னை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, “இருபத்து நான்கு” என்றார். நான்கு நாள் தங்குவதற்கு இருபத்து நான்கு பெட்டி. நான் எழுதிக்கொண்டேன்.

என் வேலை அது. வெளிநாட்டுப் படகு ஏதாவது போர்ட் பிளேர் துறைமுகத்துக்கு வந்து நங்கூரம் போட்டால், நாலைந்து இலாகாவிலிருந்து அதிகாரிகள் ஏறிப் பார்ப்பார்கள். அவர்களுக்கான காகிதங்களைத் தயார் செய்து, கூடவே போய், கையெழுத்தெல்லாம் வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட் ஆபீஸில் ஒன்பது வருஷமாக இருந்தேன். ஆள் எத்தனை, பெட்டி எத்தனை, பாட்டில் எத்தனை என்று எண்ணுவதுதான் பிழைப்பு. அன்றைக்கும் அதிகாரிகளோடு ஏறி எல்லாவற்றையும் எண்ணினேன். சிப்பந்திகள் எட்டுப் பேர். தேயிலை டின் பன்னிரண்டு. சிவப்பு அரக்குப் பெட்டிகள் பன்னிரண்டு. எங்கள் படகோட்டி என் காதருகே குனிந்து, “மேடம், யே ஆப்கி சாஸ் ஹை க்யா?” என்று கேட்டான். இவர்தான் உங்கள் மாமியாரா என்கிறான். நான் முறைத்த முறைப்பில் அவன் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

கணவரை, அதாவது அப்போது கணவர் ஆகாதவரை, நான் சந்தித்ததும் இதே வேலையில்தான். அதற்கு நான்கு வருஷம் முன்னால் யாருடைய பாய்மரப் படகையோ மலேசியாவின் லங்காவித் தீவிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரே படிவத்தை நான்கு முறை தப்பாக எழுதினார். முதல் மூன்றும் உண்மையான தப்பு, நான்காவது வேண்டுமென்றே செய்தது என்று பிறகு ஒப்புக்கொண்டார். பினாங்குச் சீனர், பிய்ந்த ரப்பர் செருப்பு, வெளுத்த சட்டை. படகோட்டிப் பிழைக்கிற பையன் என்றுதான் ஒரு வருஷம் நினைத்திருந்தேன். குடும்பத்துக்கு ஓட்டல்கள் உண்டு, பாமாயில் தோட்டங்கள் உண்டு, கப்பல்களுக்குச் சாமான் போடும் பழைய வியாபாரம் உண்டு என்பதெல்லாம் ஒவ்வொன்றாக, பல் பிடுங்குவதுபோல வெளியே வந்தது. எத்தனை ஓட்டல் என்று கேட்டால் “கொஞ்சம்” என்பார். பினாங்கு வீட்டுக்குள்ளேயே லிஃப்ட் இருக்கிறது என்று நான் சொன்னதும் அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது.

“வீட்டுக்குள்ளயா? அரே, கரண்ட் போனா என்ன பண்ணுவாங்க? உள்ளயே நிப்பாங்களா?”

அவருடைய அப்பா இறந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வியாபாரத்தையும் அவருடைய அம்மாதான் கையில் வைத்திருந்தார். கல்யாணத்தைப் பற்றி மகன் சொன்னதற்கு அவர் மறுப்பும் சொல்லவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. “வந்து பார்க்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று மட்டும் சொன்னாராம். அம்மா வேண்டாம் என்றாலும் உன்னைக் கட்டிக்கொள்வேன் என்று கணவர் நல்ல பிள்ளையாகச் சொன்னார். எனக்கு அது வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். ஒரு குடும்பத்துக்குள் இருந்துகொண்டே அதற்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டிலேயே தினமும் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த அம்மாள் வாய் நிறையச் சரி என்று சொன்னால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, படகு வருகிற வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் நான் சொன்ன அந்த ஆள், என் அத்தை. அப்பாவின் அக்கா. தூத்துக்குடியில் மாமா இறந்ததும், அப்பா கப்பலேறிப் போய் அவளைப் போர்ட் பிளேருக்குக் கூட்டி வந்தார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வந்த நாளிலிருந்து டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையிலிருந்த எங்கள் வீட்டுச் சமையலறை அத்தையின் ராஜ்யம். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதுவானாலும் என்ன தட்டு, எதில் எது, எத்தனை என்று சொல்ல அத்தையைத்தான் கேட்பார்கள். அத்தனையும் அடுக்கிக் கொடுப்பாள். ஆனால் விசேஷம் நடக்கிற கூடத்துக்கு மட்டும் வரமாட்டாள். தாலி இல்லாதவள் சீர்த்தட்டைத் தூக்கக் கூடாது, முன்னால் நிற்கக் கூடாது என்று அவளுக்கு அவளே ஒரு கோடு போட்டுக்கொண்டாள். சமையலறை நிலைப்படிதான் அந்தக் கோடு. எங்கள் வீட்டில் யாரும் அவளை வராதே என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. இப்போது யோசித்தால் இரண்டாவதுதான் பெரிய தப்பு.

படகு வந்த அன்று மாலை குடும்பமே மரைன் ஹில் சரிவில் போய் நின்று, கீழே நங்கூரம் போட்டிருந்ததைப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவார்கள். நாங்கள் மாப்பிள்ளை வீட்டுப் படகைப் பார்க்கப் போனோம். அப்பா துறைமுகத்தில் இன்ஜின் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படகின் நீளத்தைக் கண்ணாலேயே அளந்து, எத்தனை குதிரைத்திறன் இருக்கும், மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் குடிக்கும் என்று முனகிக்கொண்டே வந்தார். கடைசியில், “நம்ம வீடு அந்த மேல்தளத்துல ரெண்டு தடவ நிக்கும்” என்றார். அத்தைதான் தேற்றினாள். “இருக்கட்டுமே. அவுகளும் வாயாலதான திங்காவ. பதினோரு தட்டு வச்சு முறையாச் செஞ்சா எந்த மகாராணியும் கொற சொல்ல முடியாது, கேட்டியா.”

மறுநாள் மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. பிடித்துப்போனால் அன்றைக்கே தட்டு மாற்றி உறுதி செய்துகொள்ளலாம் என்று பேச்சு. அது எங்கள் தெருவில் தண்ணீர் வராத நாள். நாங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயைப் பார்ப்போம். முதல் நாளே டிரம், குடம், பிளாஸ்டிக் வாளி, குழம்புச் சட்டி வரை நிரப்பி வைத்திருந்தோம். அப்பா விடியற்காலையில் வண்டூர் வரை ஸ்கூட்டரில் போய், அப்போதுதான் கரைக்கு வந்த சீலா மீனாகப் பார்த்து வாங்கி வந்தார். பக்கத்து வீட்டு பெங்காலிக் குடும்பத்திலிருந்து நாற்காலிகள் வந்தன. “சலோ, யாரும் டென்ஷன் எடுக்காதீங்க” என்று காலையிலிருந்து பத்துத் தடவை சொன்ன அப்பா, சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருந்தார்.

மாமியார் வந்தார். மகன் பின்னால், அவருக்குப் பின்னால் இரண்டு சிப்பந்திகள், கையில் பன்னிரண்டு அரக்குப் பெட்டிகள். ஆழ்ந்த சிவப்பில் பட்டுச் சட்டை போட்டிருந்தார். சிப்பந்திகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பெட்டிகளை இரண்டிரண்டாகத் தானே தூக்கி வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தார். சமையலறை நிலைப்படியில் நின்ற அத்தையின் கண் அகலமாயிற்று. கணவர் இல்லாத பெண், சிவப்பு உடுத்தி, சீரைத் தன் கையாலேயே கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைக்கிறார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமியார் கை கழுவினார். விரல் விரலாக, நிதானமாக, ஐந்து குவளைத் தண்ணீர். ஒவ்வொரு குவளைக்கும் அம்மாவின் கண் டிரம்முக்கும் குவளைக்குமாகப் போய்வந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

கூடத்தில் கோரைப்பாய் விரித்து எங்கள் தட்டுகள். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், தேங்காய், பூ, இரண்டு வகைப் பழம், கற்கண்டு, லட்டு, சேலை, வேட்டி சட்டை, சந்தனம். பதினொன்று. மாமியார் உட்கார்ந்தார், புன்னகைத்தார், தட்டுகளைப் பார்த்தார். அவர் உதடு லேசாக அசைந்தது. எண்ணுகிற உதடு எனக்குத் தெரியும். என் தொழில் அது. புன்னகை பாதியில் நின்றது. பிறகு கைப்பையைத் திறந்து ஒரு சின்ன பிஸ்கட் டின்னை எடுத்து, எங்கள் வரிசையின் கடைசியில் மெதுவாக வைத்தார். என்ன பிரியம் பார் என்று அம்மா என்னைப் பார்த்துப் பூரித்தாள்.

உள்ளேயிருந்து கிசுகிசுப்பு வந்தது. “ஏட்டி, இங்க வா. பன்னெண்டு ஆயிட்டு. ரெட்டப்படையில சீர் நிக்கக்கூடாதுட்டி. ஒண்ண எடுக்கச் சொல்லு ஒங்கம்மைய.” அம்மா நாசூக்காகப் போய், எறும்பு ஏறுகிறது என்று பொதுவாகச் சொல்லிக் கற்கண்டுத் தட்டை உள்ளே கொண்டுபோனாள். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். அரை நிமிஷம் கழித்துப் பையிலிருந்து இன்னொரு டின் வந்தது. பன்னிரண்டு. நிலைப்படியில் அத்தையின் முகம் தெரிந்தது, மறைந்தது. அம்மா ஒரு தேங்காய்த் தட்டோடு வந்தாள். பதிமூன்று. அப்பாவும் கணவரும் இதெல்லாம் தெரியாமல் டீசல் இன்ஜினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆம்பளைகள் பேச்சு இன்ஜினில் மாட்டிக்கொண்டால் வீடு எரிந்தாலும் தெரியாது.

அத்தையின் பார்வை அடுத்ததாக மேசைக்குப் போயிற்று. “ஐயோ, அவுக கொண்டாந்ததும் பன்னெண்டுதான். பாவம், சொல்லிக் குடுக்க ஆளில்ல போல. இந்தா, இந்தப் பூவ அங்கன வச்சிரு, யாரும் பாக்காம.” அம்மா மல்லிகைப் பந்து வைத்த தட்டை அரக்குப் பெட்டிகளின் ஓரத்தில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல வந்து உட்கார்ந்தாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள் இரண்டு பேரும்.

மாமியார் எழுந்தார். நேரே மேசைக்குப் போனார். தான் கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்துத் தன் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார்.

அப்பாவின் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. கொடுத்த சீரைப் பெண் வீட்டுக் கூடத்திலேயே திரும்ப எடுப்பது என்றால், எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அப்பா எழுந்து நின்றார். உள்பக்கம் வெளியே தெரிந்த சட்டையோடு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நின்ற நிலையை என்னால் பார்க்க முடியவில்லை. மாமியார் மகனிடம் தாழ்ந்த குரலில் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். கணவரின் முகம் வெளுத்தது. பிறகு மாமியார் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், ரொம்ப மரியாதையாக, “எனக்குக் கொஞ்சம் தலைவலி. படகுக்குப் போகிறேன்” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பெட்டியைத் திரும்ப எடுக்கிற அளவுக்கு நாங்கள் என்ன குறைந்து போனோம்? வாசற்படியில் உட்கார்ந்து அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நேராகக் கேட்டுவிடுவது என்றுதான் போனேன். அப்போது அவர் மடியில் இருந்த பை திறந்து கிடந்தது. உள்ளே பெட்டியோடு இன்னும் இரண்டு பிஸ்கட் டின்கள். இரண்டு. அங்கேதான் எனக்கு உறைத்தது. பெட்டி இருபத்து நான்கு. தேயிலை பன்னிரண்டு. சிப்பந்திகள் எட்டு. முதல் நாள் அந்தப் படகில் நான் எண்ணியவற்றில் ஒற்றையாக ஒரு பொருளும் இல்லை.

“ஆன்ட்டி, ஒற்றைப்படை ஆகாதா?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அத்தனை பெரிய பணக்காரியின் கண் கலங்கும் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. “கல்யாணத்துக்கு எல்லாம் ஜோடியாக இருக்க வேண்டும். ஒற்றைப்படையில் கொடுப்பது சாவு வீட்டுக்கு. என் வீட்டுக்கு அப்படி வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது” என்றார். “நான் சரிசெய்யச் சரிசெய்ய உன் அம்மா மாற்றி மாற்றி ஒற்றை ஆக்குகிறாள். என் மகனுக்கு நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் லா?” பினாங்குக்காரர்களின் ஆங்கிலம் இப்படி ‘லா’வில்தான் முடியும்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. ஒரு காலில் மட்டும் செருப்போடு இருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். என் ஆபீஸ் மேலாளர் பார்த்திருந்தால் வேலை போயிருக்கும். கூடத்தைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, சமையலறை நிலைப்படியில் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் மாமியார். நடுவில் நான், மொழிபெயர்ப்பாளர். மாமியார் சொன்னதைச் சொன்னேன். அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“அட பாவமே! நாங்க அப்பிடியா நெனச்சோம்? ஒண்ணு மிச்சம் நின்னாத்தான மேல மேல வளரும். ரெட்டைன்னா கணக்கு தீந்துபோச்சுன்னு அர்த்தம்லா. அதனாலதான் ஒத்தப்படை. அவுககிட்ட வெளக்கமாச் சொல்லுட்டி.”

சொன்னேன். மாமியார், “அந்த மிச்சம் நிற்கிற ஒன்றுதான் எனக்குப் பயம்” என்றார். “நான் நிற்கிறேனே, அப்படி.”

இதை எப்படித் தமிழில் சொல்வது என்று நான் தடுமாறியபோது, அத்தை என் கையைத் தட்டினாள். முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்திருந்தது. “என்னையும்தான் ஒத்தையா விட்டுட்டுப் போனாரு” என்றாள் அவரைப் பார்த்து, தமிழிலேயே. “வளந்தேனா தேஞ்சேனான்னு எனக்கே தெரியல.”

அதை நான் மொழிபெயர்த்தேன். மாமியார் அத்தையின் வெறும் கழுத்தைப் பார்த்தார், அவள் நின்றிருந்த நிலைப்படியைப் பார்த்தார். பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்த்து, “தட்டுகளை அடுக்கியது இவரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்படியானால் இவர் ஏன் இங்கேயே நிற்கிறார்?” அத்தையைக் கேட்டேன். தட்டைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வர எனக்கு முறையில்லை, புருசன் இல்லாதவள் என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. நான் தயங்கித் தயங்கி அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

மாமியார் தன் சிவப்புச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். “அப்படியானால் நான் இன்று கொண்டுவந்து வைத்த பன்னிரண்டும்?”

“அது அவுக முறை. அவுகளுக்கு அது சரி” என்றாள் அத்தை அவசரமாக.

வியாபாரம் செய்கிற மனுஷி அல்லவா, அந்த இடத்தில்தான் பிடித்தார். முகத்தில் தலைவலியும் இல்லை, கலக்கமும் இல்லை. “உன் அத்தையிடம் சொல். எனக்குப் பன்னிரண்டு வேண்டும். பன்னிரண்டாவது தட்டை அவர் கையால் கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தால் நான் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறேன். கல்யாணத் தேதியையும் இன்றைக்கே பேசலாம். அவர் வரவில்லை என்றால் நான் எதையும் வாங்கவில்லை.” சொல்லிவிட்டுப் போய், ஒரு கால் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, நாற்காலியில் அமர்ந்துகொண்டார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் காத்திருந்தார்.

என் கல்யாணம் எங்கள் வீட்டு நிலைப்படியில் வந்து நின்றது. அப்பாவுக்கு இப்போதுதான் விஷயம் புரிந்திருந்தது. அவர் கூடத்தின் நடுவிலிருந்து, “அக்கா” என்றார். கூடத்துக்கு வா என்கிற அந்தக் கூப்பிடுதல் பதினெட்டு வருஷம் கழித்துத்தான் அவர் வாயில் வந்தது. அம்மா, “வாங்க மதினி” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்காக வா என்று கேட்டால் அவள் நிச்சயம் வருவாள் என்று தெரியும். எனக்காக அவள் வரக் கூடாது என்று ஏனோ தோன்றியது.

அத்தை எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். “வெறுந்தட்டோட வரச் சொல்லுதியளா? உள்ள எல்லாம் தீந்துபோச்சு. கற்கண்டையும் எறும்பு தின்னுருக்கும்” என்று எரிந்து விழுந்தாள். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. வெளியே வந்தபோது அவள் கையில் பெரிய எவர்சில்வர் தட்டு. அதில் பொரித்த சீலா மீன் துண்டுகள் கோபுரமாக அடுக்கியிருந்தன, மேலே கறிவேப்பிலை. சீர்வரிசையில் மீன் வைத்த தமிழ்க் குடும்பம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். நிலைப்படிக்கு வந்ததும் ஒரு கணம் நின்றாள். காலைப் பார்த்தாள். பிறகு தாண்டி வந்துவிட்டாள். அத்தனை வருஷம் நின்ற கோடு, ஓர் எட்டில் கடந்து போயிற்று.

மாமியார் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். மீனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை எங்கள் லட்டும் பட்டுச்சேலையும் கொண்டுவரவில்லை. அவர்கள் வழக்கத்தில் மீன் இல்லாமல் நல்ல காரியமே இல்லையாம். “இதை யாரிடம் கற்றார் இவர்?” என்று மகனைக் கேட்டார். சிரித்துக்கொண்டே எங்கள் வரிசையை மறுபடி எண்ணி, மிகையான தேங்காய்த் தட்டையும் தன் டின்களையும் எடுத்துவிட்டு, கற்கண்டை வரவழைத்து, மீனோடு சேர்த்துப் பன்னிரண்டு ஆக்கினார். அத்தையும் விடுவதாக இல்லை. “இப்ப பன்னெண்டு, சரி. மீனத் தின்னு முடிச்சா படகுக்குப் போறது பதினொண்ணுதான? ஒங்களுக்கும் ஆச்சு, எங்களுக்கும் ஆச்சு” என்றாள். நான் மொழிபெயர்த்ததும் மாமியார் தொடையில் தட்டிச் சிரித்தார். மேசையிலிருந்த மல்லிகைத் தட்டு உள்ளே போயிற்று, பைக்குள் போன அரக்குப் பெட்டி அங்கே திரும்பி வந்தது. அவர்கள் பெட்டிகளிலும் ஒன்றை, உள்ளே என்னவோ எள் உருண்டை மாதிரி இனிப்பு, அங்கேயே பிரித்துத் தின்று தீர்த்தோம். இத்தனை சுலபமான கணக்கை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தார்கள் இரண்டு பேரும்.

கல்யாணம் நாலாவது மாதம் நடந்தது. தேதி ஒற்றையா இரட்டையா என்று அதற்கு ஒரு வாரம் போனில் சண்டை நடந்தது தனிக் கதை. இன்றைக்கு ஆறு வருஷம் ஆகிறது. மாமியார் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார், இப்போதெல்லாம் விமானத்தில், நாலே பெட்டியோடு. என்னைப் பார்க்க வருவதாகச் சொல்வார். வந்து இறங்கியதும் அத்தை எங்கே என்று தேடுவார். தூத்துக்குடித் தமிழும் பினாங்கு ஆங்கிலமும் ‘லா’வில் முடிந்து ‘லா’வில் தொடங்கி மணிக்கணக்காக ஓடும். இப்போது அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஐந்து குவளையில் கை கழுவுகிற பழக்கத்தை மட்டும் அத்தையாலும் மாற்ற முடியவில்லை.

அன்றைய நாளை நினைத்தால் என் கல்யாணம் உறுதியானது எனக்கு இரண்டாவதாகத்தான் ஞாபகம் வருகிறது. முதலில் ஞாபகம் வருவது அந்தச் சாப்பாடு. இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். மாமியார் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டி அத்தையை உட்கார வைத்துக்கொண்டார். விருந்தாளிகளோடு அத்தை பந்தியில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை. மீனின் நடுத்துண்டை மாமியார் முள் எடுத்து அத்தையின் இலையில் வைத்தார், அத்தை ஒரு வால் துண்டை அவர் இலைக்குத் தள்ளினாள். பேச்சு மறுபடி டீசல் இன்ஜினுக்குப் போயிற்று. அப்பாவுக்குக் காரம் ஏறி விக்கல் வந்தது. பழக்கதோஷத்தில் சமையலறைப் பக்கம் திரும்பி, “அக்கா, தண்ணி!” என்று குரல் கொடுத்தார்.

அவருக்கு எதிரிலிருந்து, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல், பதில் வந்தது.

“ஏல, நான் இங்கனல்லா சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். எந்திரிச்சுப் போயி நீயே மோந்து குடி.”